ஐந்து வாத்தை எண்ணத் தெரியாதவன்

அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய மேடம் (தலைமை ஆசிரியை, மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பவர்). கணக்கு டீச்சர் ஜெனிபர் மிஸ். என் மனைவி கஸ்தூரி. அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் தாரணி. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு ஸ்மார்ட் போர்டு. கடைசியாக, நாற்காலி நுனியில் நான். இத்தனை பேரில் ஒருவருக்கு ஐந்து வரை எண்ணத் தெரியாது என்று சந்தேகமில்லாமல் நிரூபணமாகியிருந்தது. அது தாரணி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது நான்தான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன் நான். ராயப்பேட்டையில் சின்னதாக ஒரு லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு மயிலாப்பூர் வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு முறை திரும்பிப் போவேன். (அயர்ன் பாக்ஸை அணைத்தேனா என்று பார்க்க ஒருமுறை. பார்த்துவிட்டுப் பூட்டினேனா என்று பார்க்க இன்னொரு முறை.) படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. பின்னக் கணக்கு உள்ளே வந்தது, நான் வெளியே போய்விட்டேன். அதனால் தாரணி ஏழாவதில் காலெடுத்து வைத்த நாளிலிருந்தே எனக்கு ஒரே பயம். எங்கள் குடும்பத்துக்கு அந்த வகுப்பில் ஏதோ கண்டம் இருக்கிறது என்று நினைப்பு.

அவளோ கணக்கில் புலி. மற்றப் பள்ளிகளோடு நடக்கும் கணக்குப் போட்டிக்கு டீமில் எடுத்திருந்தார்கள்.

அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஒரு ஆப் கொண்டுவந்தார்கள். தினமும் வீட்டில் அப்பா அம்மா போனில் பத்துக் கணக்கு போட வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வெள்ளைப் பக்கம் திறக்கும். அதில் விரலால் விடையை எழுத வேண்டும். சரியாக எழுதினால் அடுத்த கணக்கு கடினமாக வரும், தப்பாக எழுதினால் சுலபமாக வரும். "ஒவ்வொரு குழந்தைக்கும் அளவெடுத்துத் தைச்சுக் குடுக்கிற மாதிரி" என்று ஜெனிபர் மிஸ் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். எனக்கு அந்த ஆப் மேல் தொழில்முறையில் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அதில் ஒரு மரமும் உண்டு. வகுப்பில் எல்லாரும் தினமும் கணக்கு போட்டால் மரம் துளிர்க்கும். ஒருத்தர் விட்டாலும் இலை கொட்டும். யாரால் கொட்டியது என்று மறுநாள் காலை ஸ்மார்ட் போர்டில் பெயரோடு போடும். (இதைக் கண்டுபிடித்த மனுஷனுக்குப் பிள்ளைகுட்டி இருக்காது.)

இந்தச் சமயத்தில் தாரணிக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளைக்குப் போனைக் கண்ணில் காட்டக் கூடாது என்றார் டாக்டர். அவள் அழுதாள்.

"எம்பேரால இலை கொட்டும்பா. எல்லாரும் ஓட்டுவாங்க."

"நீ தூங்கும்மா. அப்பா மிஸ்கிட்ட பேசிக்கிறேன்."

பேசவில்லை. ஜெனிபர் மிஸ்ஸின் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. இருந்தாலும் கணக்கு டீச்சர், இல்லையா? கடைசியில் எது சுலபம் என்று தோன்றியதோ அதைச் செய்தேன். கடையில் உட்கார்ந்து அவள் கணக்கை நானே போட்டேன்.

முதல் நாள் பின்னக் கணக்கு. எல்லாம் தப்பு. எதிர்பார்த்ததுதான், பழைய பகை. இரண்டாம் நாள் ஆப் என் மேல் இரக்கப்பட்டுப் பெருக்கல், வகுத்தல் கொடுத்தது. அதுவும் தப்பு. மூன்றாம் நாள் வெறும் கூட்டல். பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து என்று எழுதினேன். திரையில் ஒரு ஆந்தை வந்து உதட்டைப் பிதுக்கியது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், பதினைந்துதான். ஆந்தை ஒத்துக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் ஒரு குளம் வந்தது. குளத்தில் வாத்துகள். எத்தனை வாத்து?

டீ கொண்டுவந்த பாய் முன்னால் போனை நீட்டினேன். "பாய், இதுல எத்தினி வாத்து கீது?"

"அஞ்சு."

"நல்லாப் பாத்து சொல்லுங்க."

"அஞ்சு வாத்துதான் கீது. இன்னா நைனா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

எழுதினேன். ஆந்தை உதட்டைப் பிதுக்கியது. அன்றைக்குத் தைக்க வந்த ஜாக்கெட் துணி எதிலும் நான் கத்திரி வைக்கவில்லை. ஐந்து வாத்தையே எண்ணத் தெரியாதவனை நம்பி யார் மார்பளவு கொடுப்பார்கள்?

தாரணி பள்ளிக்குத் திரும்பிய அன்றே அப்பா, அம்மா இரண்டு பேரும் வர வேண்டும் என்று செய்தி வந்தது. அப்படித்தான் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஜெனிபர் மிஸ் போர்டில் ஒரு கோட்டைக் காட்டினார். கிணற்றுக்குள் நழுவின கயிறு மாதிரி நேரே கீழே போயிருந்தது. "ஏழாம் கிளாஸ் லெவல்ல இருந்த பொண்ணு, நாலே நாள்ல எல்.கே.ஜி.க்கு வந்துட்டா. சிஸ்டமே அவளைப் போட்டி டீம்லேர்ந்து எடுத்துட்டு, அடிப்படைக் குழுவுல போட்டிருச்சு."

"நான் கணக்கே போடலை மிஸ்!" என்றாள் தாரணி.

ஜெனிபர் மிஸ் பெரிய மேடத்தைப் பார்த்தார். "போட்டது ஞாபகமே இல்லை மேடம்."

"ஜுரம் தலைக்கு ஏறியிருக்குமோ?" என்றார் பெரிய மேடம். "டாக்டர்ட்ட சொன்னேளா? ஸ்கேன் எடுத்தேளா? ஆத்துல ஏதாவது மனக்கஷ்டமா? எதுன்னாலும் மறைக்காம சொல்லுங்கோ."

கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "ஐயோ, நல்லாத்தான மேடம் இருந்துச்சு எம்பொண்ணு! மூளையில இன்னா ஆச்சோ!" தாரணிக்கும் இப்போது பயம் வந்துவிட்டது. தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால், கணக்கு டீச்சர் முன்னால், பெற்ற பெண் முன்னால், எனக்கு வாத்து எண்ணத் தெரியாது என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளும் ஏழாவதிலேயே கவிழ்ந்துவிடுவாள். எழுந்து நின்றேன். (வகுப்பில் பதில் தெரியாதபோது நின்ற அதே மாதிரி.)

"ஸ்கேன் எனக்குத்தான் எடுக்கணும் மேடம். கணக்கெல்லாம் போட்டது நான்."

கஸ்தூரியின் அழுகை பாதியில் நின்றது. மரத்தைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன், ஆந்தையைச் சொன்னேன். ஜெனிபர் மிஸ் மெதுவாகக் கேட்டார், "அஞ்சு வாத்தை நீங்க எண்ணிப் பாக்கலையா சார்?"

"எண்ணினேன் மிஸ். பாயும் எண்ணினாரு."

அவர் நான் எழுதிய பக்கத்தைத் திறந்தார். சுவர் அளவுக்கு என் கையெழுத்து வந்து நின்றது. நடுவில் அழகாக ஒரு 5. அதற்கு மேலே, உச்சியில், 'உ' என்று ஒரு பிள்ளையார் சுழி. கீழே சின்ன எழுத்தில், போனில் எனக்குக் காட்டாத, இயந்திரம் படித்துக்கொண்ட விடை: 25.

அடுத்த பக்கம். சுழி. அதற்கடுத்த பக்கம். சுழி. என் பதினைந்தை அது இருநூற்றுப் பதினைந்து என்று படித்து வைத்திருந்தது.

"அப்பா! இதுலயுமா!" என்று கத்தினாள் தாரணி.

"யோவ், உனக்கு அறிவு கீதாயா?" கஸ்தூரிக்கு இடம், பொருள் எல்லாம் மறந்துவிட்டது. "மேடம், கேஸ் புக்குல போடுவாரு, கரண்ட் பில்லுல போடுவாரு, எவளோ ஒருத்தி இடுப்பளவு எழுதுற சீட்டுலயும் போடுவாரு. போன்லயுமாயா போடுவ?"

"புதுப் பக்கம் வந்துச்சே கஸ்தூரி" என்றேன். "புதுப் பக்கம்னா போடாம எப்படி?"

பெரிய மேடம் எழுந்து போர்டுக்குப் போனார். ஒரு சுழி போட்டு, கீழே 7 எழுதினார். இயந்திரம் 27 என்றது. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. "நன்னா இருக்கு போங்கோ! இத்தனை காசு குடுத்து வாங்கி வச்சிருக்கோம், இதுக்குப் பிள்ளையாரைத் தெரியலையே!"

ஜெனிபர் மிஸ் நல்லவர். எல்லாப் பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்து எனக்கு மார்க் போட்டார். சுழியை எடுத்துவிட்டால் பாதிக் கணக்கு சரி. மீதிப் பாதி, சுழி இல்லாவிட்டாலும் தப்பு. "பரவாயில்லை சார், நீங்க பாஸ்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்தக் கணக்கு டீச்சரும் அந்த வார்த்தையை என்னிடம் அதுவரை சொன்னதில்லை.

தாரணியை டீமில் திரும்பச் சேர்த்தார்கள். போட்டிக்குப் போனாள், பரிசு வரவில்லை. ஆனால் நான் வேண்டிக்கொண்டது வேறு: அடுத்த வருடம் அவள் எட்டாம் வகுப்புக்குப் போனாள். அன்றைக்குக் கடைக்கு லீவு விட்டேன்.

இப்போது பத்தாவது படிக்கிறாள். வீட்டில் இன்னமும் என்னிடம் யாரும் ஒழுங்காக எண்ணிக்கை கேட்பதில்லை. "தோசை எத்தினி? அஞ்சா, இருவத்தஞ்சா?" என்பாள் கஸ்தூரி. பின்னக் கணக்கைத் தாரணி எனக்கு முதலிலிருந்து சொல்லித்தருகிறாள். ஒரே நிபந்தனை, நோட்டில் சுழி போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரூபாய் அபராதம். கை நிற்பதாக இல்லை. இதை எழுத உட்கார்ந்தபோதும் முதலில் அதைத்தான் போட்டேன், பின்னாலிருந்து பார்த்துவிட்டாள். அதையும் சேர்த்து, இன்றைய தேதிக்கு நான் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி நூற்று முப்பத்தைந்து ரூபாய்.