முதலாளி மண்டையில் ஒரு முத்து

ஒரு புத்தகத்தை அரைகுறையாகப் படித்தவனை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது. அப்படிப்பட்டவன் நானே என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் ஆர்டர் பிடித்துச் சரக்கு அனுப்பும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். மெக்சிகோவிலிருந்து முதன்முறையாக ஒரு பையர், அதாவது சரக்கு வாங்குபவர், வருவதாக இருந்தது. ஆர்டர் கிடைத்தால் வேலை நிரந்தரம். கெட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். உடனே நூலகத்துக்கு ஓடினேன் (அவர் கேட்டிருந்த சாம்பிளை ஒருமுறை சரிபார்த்திருக்கலாம். யார் கேட்டது?). மெக்சிகோவை ஸ்பெயின்காரர் ஆண்ட காலத்து, அந்நாட்டின் பழைய நாவாட்டில் மொழிச் சுவடிகளைப் பற்றிய புத்தகம் கிடைத்தது. ஓர் ஆளின் தலை, அதிலிருந்து ஒரு கோடு, கோட்டின் முனையில் கழுகோ நாணலோ ஒரு படம். அந்தப் படம்தான் அவர் பெயராம். அடடா, பையரை மயக்க இது போதாதா!

எங்கள் ஆட்களையும் அதே மாதிரி வரைந்து சுவரில் ஒட்ட முடிவு செய்தேன். வேலுச்சாமிக்கு வேல், செந்தாமரைக்குத் தாமரை. நடுவில் பெரிதாக முதலாளி நாச்சிமுத்துவின் தலை. கோடு இழுக்க இடமில்லாததால் முத்தை மண்டையிலேயே ஒட்டிவிட்டேன். பெருமை தாங்காமல் 'அப்ரூவ்டு' முத்திரையையும் ஓங்கிக் குத்தினேன்.

எங்கள் ஊரில் அந்த முத்திரை விழுந்த தாளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் மேசையிலிருந்து பிரிண்டிங் மாஸ்டர் அதை எடுத்துப் போய், இருநூறு டி-சர்ட்டில் அடித்துத் தள்ளிவிட்டார். மறுநாள் முதலாளியும் பையரும் சேர்ந்தே கட்டைப் பிரித்தார்கள்.

"ஏனுங்க தம்பி, எம்மண்டைய யாருங்க இப்படி வீங்க வெச்சது?"

"வீக்கமில்லீங்க, முத்துங்க. இவுங்க ஊரு மொறைங்க."

அந்த ஊர்க்காரரோ, "கிளிப் படம் எங்கே?" என்று மட்டும் கேட்டார். அவர் சொல்லியிருந்தது கிளி.

மூன்று நாளில் கிளி அடித்துக் கொடுத்து ஆர்டரைக் காப்பாற்றினோம். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அத்தனையும் உங்க ஊட்டுக்கே எடுத்துட்டுப் போயிருங்க. ஒண்ணு வெளிய தெரிஞ்சாலும் நீங்க வேலைக்கு வர வேண்டாமுங்க."

ஆகவே அவிநாசிபாளையத்து வீட்டுக்குள் மட்டும் எல்லோரும் அதையே போட்டுக்கொண்டோம். ஒருநாள் எனக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அப்பா, சித்தப்பா, தம்பிகள் என அத்தனை நெஞ்சிலும் முதலாளி! வருங்கால மாமனார் சுற்றிப் பார்த்துவிட்டுப் பயபக்தியோடு கேட்டார்:

"ஏனுங்க, இது உங்க குலசாமிங்களா?"

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். வேலை இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அப்பா அசராமல், "ஆமாங்க" என்றார்.

குலசாமி என்று சொல்லிக் கல்யாணமும் முடிவாகிவிட்டது; முதல் பத்திரிகை குலசாமிக்கு வைப்பதுதானே முறை. இன்றும் எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், தட்டில் தேங்காய் பழத்தோடு முதல் பத்திரிகை முதலாளிக்குத்தான். இவ்வளவு மரியாதை எதற்கென்று மனிதருக்கு இன்னும் தெரியாது.