பேஸ் கிட்டாரைப் பார்சலில் அனுப்பவும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவரும் ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளருமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காவும் சுகமாக இருக்கிறோம். உட்காரத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை. அங்கு தாங்களும் வீட்டாரும் சுகமாகவும் வசதியாக உட்கார்ந்தும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தத் 'தாங்கள்' போட்டு எழுதுவதில் எனக்கு ஐந்தாவது வரியிலேயே மூச்சு வாங்குகிறது. உன்னை அரை டிராயரில் பார்த்தவன் நான். இனி நீ என்றே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் அலமாரி மேல் பழைய போர்வை சுற்றிக் கிடக்கும் பேஸ் கிட்டாரை உடனே பார்சலில் எனக்கு அனுப்பவும். அது அங்கேதான் இருக்கிறது என்று உன் மனைவி உன் அக்காவிடம் போனில் சொல்லியாயிற்று. அதனால் "அது எங்கேயோ போச்சு அத்தான்" என்று நீ ஆரம்பிக்க வேண்டாம். எதற்கு என்று கேட்பாய். சொல்கிறேன், கடைசிவரை படி.

இரண்டு மாதம் முன்பு பென்ஷன் காகிதம் ஒன்றைத் தேடி இரும்புப் பெட்டியைக் கவிழ்த்தபோது இருபத்தெட்டு வருடத்துப் பழைய நுழைவுச்சீட்டு ஒன்று கிடைத்தது. 'லிப்ட் பழுது' ராக் இசைக்குழு, நகர மண்டபம், மாலை ஆறு மணி. நீயும், டிரம் அடித்த இடியும், பாடிய நெட்டையும் ஆறு வருடம் நடத்திய அதே குழுதான். பெயருக்காக மூன்று பேரும் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒத்திகைக் கட்டடத்து லிப்டில் தொங்கிய அட்டையைப் பார்த்து வைத்தீர்களே, அதை உன் அக்கா இன்னமும் சொல்லிச் சிரிக்கிறாள். நான் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாசலில் நிற்பவன் கிழிக்க வேண்டிய மூலை கிழியாமல் முழுசாக இருந்தது. மாப்பிள்ளை, அன்று நான் உள்ளே வரவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, அந்த ஆள் சர்க்கரை நிறுக்கும் தராசில் முள் நேராக நிற்கிறதா என்று இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் எனக்கு ஆகாது என்று நானே முடிவு செய்திருந்தேன். கச்சேரி முடிந்து வேர்வை வழிய நீ வெளியே வந்து என்னிடம் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "கேட்டீங்களா அத்தான்? நெஜத்தச் சொல்லுங்க. இதுலயே இருக்கலாமா, இல்ல அந்த இன்சூரன்ஸ் வேலைல சேந்துடட்டுமா?" நான் சொன்னேன், "கேட்டேன். தேறாது. வேலைல சேரு." அடுத்த வாரம் நீ சேர்ந்தாய். அதற்கடுத்த மாதம் குழு கலைந்தது. முப்பத்தொரு வருடம் அடுத்தவன் தராசைத் தூக்கிப் பிடித்து, முத்திரை இல்லை, முள் சாய்கிறது என்று எழுதிக்கொண்டிருந்த நான், சொந்த மைத்துனன் விஷயத்தில் நிறுக்காமலே எடை சொல்லியிருக்கிறேன்.

சீட்டு கிடைத்த அன்றைக்கே முடிவு செய்தேன். நம் வீட்டு முன்னறையை 'லிப்ட் பழுது' நினைவு அறையாக்குவது. குழுவின் ஆறு வருட வாழ்க்கையில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு பொருளையும் தேடிப் பிடித்து, எண் போட்டு, சீட்டுக் கட்டி, கண்ணாடிக்குள் வைப்பது. உன் அக்கா, "அதுக்கு அவனுக்கு ஒரு போன் பண்ணி மன்னிப்புக் கேக்கலாமே" என்றாள். போனில் கேட்பது வாய்ப்பேச்சு. எனக்கு ஆதாரம் வேண்டும்.

முதலில் சுவரொட்டி. பழைய சுவரொட்டி யாரிடமாவது இருக்குமா என்று கேட்கக் கடைத்தெருவுக்குப் போனேன். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் அந்தத் தெருவில் யாரும் அதை நம்பத் தயாராக இல்லை. என்னைக் கண்டதும் இரண்டு ஷட்டர் இறங்கின. ஒரு காய்கறிக்காரர் நான் வாயைத் திறப்பதற்குள் எடைக்கற்களை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, "என்கிட்ட தராசே இல்ல சார், எல்லாம் கண்ணளவுதான்" என்றார். நான் ராக் இசைக்குழுவைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறேன் என்றதும் அவருக்குப் பயம் இன்னும் அதிகமானது. கடைசியில் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரர்தான், நீங்கள் ஒத்திகை பார்த்த கட்டடத்திலேயே ஒன்று ஒட்டியிருப்பதாகச் சொன்னார். போனேன். லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. தேதியும் இடமும் உங்கள் மூன்று பேர் படமும் இருந்த கீழ்ப்பாதி எப்போதோ கிழிந்துபோய், மேலே பெரிய எழுத்தில் 'லிப்ட் பழுது' மட்டும் மிச்சம். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டு, படியேறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

லிப்டைச் சரிசெய்து இருபது வருடம் ஆகிறதாம், நன்றாகவே ஓடுமாம். இது தெரிந்த ஒரே ஆள் காவலாளி. அவருடைய சைக்கிள், சாப்பாட்டுக் கேரியர், மடக்குக் கட்டில், துவைத்துப் போட்ட சட்டை எல்லாம் லிப்டுக்குள்தான் இருந்தன. சுவரொட்டியில் நான் கை வைத்ததும் ஓடி வந்தார். "இத எடுத்தா எல்லாரும் உள்ள ஏறிடுவாங்க சார். அப்புறம் நான் எங்க போறது?" நான் விடவில்லை. நான்கு நாள் தொடர்ந்து போய் அவருக்கு எதிரே நின்றேன். "ஒரு அட்டைல நீங்களே அதே மாதிரி எழுதித் தொங்க விட்டுட்டு இத எடுத்துக்கங்க" என்று இறங்கி வந்தார். வேலை செய்யும் லிப்டைப் பழுது என்று என் கையால் எழுத எனக்கு மனசு வரவில்லை. ஐந்தாம் நாள் நம் வீட்டு இரும்பு அலமாரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே அவருக்காக வைத்து, லிப்டில் இருந்த சாமான்களை அங்கே மாற்றிக் கொடுத்தேன். பிறகு ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி அரை மணி நேரத்தில் சுவரொட்டியை உரித்தெடுத்தேன். அப்போது நாலாம் மாடி கண் டாக்டர் வந்தார். காலியான லிப்டைப் பார்த்தார், என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். "பதினஞ்சு வருஷமா முட்டிவலிக்கு மாத்திரை சாப்பிடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தவர், ஒரு காரணமும் இல்லாமல் மூன்று தடவை மேலே போய்க் கீழே வந்தார்.

வீட்டில் உன் அக்கா, "அலமாரில இருந்த துணியெல்லாம் எங்க வைக்கறது?" என்று கேட்டாள். நாற்காலிகள் மேல் வைக்கச் சொன்னேன். அது ஒரு வாரத்துக்குத்தான் செல்லுபடியானது. ஏனென்றால் அடுத்து டிரம்.

இடி இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். பயிற்சிக் காரில் அவன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. பழக்க தோஷத்தில் காலால் அதில் தாளம் போடுகிறான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கார் இப்படித்தான் குலுங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவனுடைய பெரிய டிரம் வீட்டு நடுக்கூடத்தில், மேலே கண்ணாடி, அதற்கு மேல் பூச்சாடி என்று டீப்பாயாக நின்றது. இடி பூச்சாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினான். அவன் மனைவிதான் பேசினாள். "தாராளமா எடுத்துட்டுப் போங்கண்ணே. ஆனா அந்த எடத்துல ஒரு மேஜை வந்துடணும். மேஜைன்னா நாலு நாற்காலியும் சேத்துத்தான்." நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை அவர்கள் கூடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது, அளந்து பார்த்துத்தான் கொடுத்தேன். டிரம்மைக் கொண்டுவந்தது பயிற்சிக் காரில். ஓட்டியது மூன்றாவது நாள் பாடம் படிக்கும் ஒரு தையல்காரர். பின்னால் நுழையாததால் முன்சீட்டில் இடியின் மடியில் டிரம், அதனால் அவனுக்கு ரோடு தெரியவில்லை, பிரேக்கும் எட்டவில்லை. "என்னண்ணே தெரியுது முன்னால?" என்று டிரம்முக்குப் பின்னாலிருந்து அவன் கேட்க, பின்சீட்டிலிருந்து நான் சொல்லச் சொல்ல, தையல்காரர் வண்டியைத் திருப்பினார். ஒவ்வொரு பள்ளத்திலும் டிரம் ஒரு முறை அதிர்ந்தது. நான்காவது பள்ளத்தில் இடி சிரிக்க ஆரம்பித்தான். வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

அடுத்தது நெட்டை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிற குரல் அவனுடையதுதான், நீ கேட்டால் கண்டுபிடிக்க மாட்டாய். உங்கள் ஒரே ஒலிநாடா அவனிடம் இருக்கிறது என்று இடி சொன்னதால் அறிவிப்பு அறைக்கே போனேன். கதவைத் திறந்ததும், "தராசு அத்தானா? நீங்கதான அன்னைக்கு எங்களக் கேட்டுட்டு தேறாதுன்னு சொன்னது?" என்றான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "கேக்கவே இல்லப்பா. உள்ளயே வரல. எதிர்ல டீக்கடைல உக்காந்திருந்தேன். கேட்டேன்னு அவன்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். அப்போதுதான் கவனித்தேன், மேஜை மேல் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் பேருந்து நிலையமே அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கீழே ஒரு கண்டக்டர், "அடப்பாவி" என்று சொன்னது அறைக்குள் கேட்டது. நெட்டை மெதுவாக மைக்கை அணைத்தான். அப்புறம், "அவன் எப்படி இருக்கான்?" என்றான். கிட்டார் இன்னும் அலமாரி மேல் இருக்கிறதாம் என்றேன். அவன் இழுப்பறையைத் திறந்து ஒலிநாடாவை எடுத்து என் கையில் வைத்தான். பதிலுக்கு மேஜை கேட்கவில்லை, அலமாரி கேட்கவில்லை. "ரெண்டாவது பக்கத்துல பாதிக்கு மேல என் பொண்ணு வாய்ப்பாடு சொல்லியிருப்பா, கண்டுக்காதீங்க" என்றவன், அதன் பிறகு செய்த அறிவிப்பில் ஆறாம் நடைமேடை பேருந்தை ஒன்பதுக்கு அனுப்பினான். நாற்பது பேர் பெட்டி படுக்கையோடு ஓடினார்கள்.

ஆக இப்போது முன்னறையில் சுவரொட்டி, டிரம், ஒலிநாடா மூன்றும் இருக்கின்றன. ஒலிநாடாவுக்குச் சீட்டு எழுதிவிட்டேன்: 'பக்கம் ஒன்று, ஐந்து பாடல்கள். பக்கம் இரண்டு, இரண்டு பாடல்கள், அத்துடன் ஏழாம் வாய்ப்பாடு வரை.' குறுக்கே கயிறு கட்டி, 'தொடக்கூடாது, வாசிக்கக்கூடாது' என்று பலகையும் வைத்தாயிற்று. உன் அக்கா பாயில் உட்கார்ந்துகொண்டு, "அதப் போட்டுக் கேட்டீங்களா?" என்றாள். நம் வீட்டில் ஒலிநாடாவைப் போட டேப் பெட்டி இல்லை, இருந்தாலும் காட்சிப் பொருளை ஓட விட்டுத் தேய்க்க முடியாது என்று விளக்கினேன். நீங்கள் மிகச் சிறந்த குழு என்பது என் தீர்மானமான முடிவு. அதைக் கேட்டு அவள், "திரும்பியும் கேக்காமயே சொல்றீங்க" என்று சிரிக்கிறாள். அது வேறு, இது வேறு.

சுவரில் உன் கிட்டாருக்கான இடத்தை அளந்து பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அது வராமல் அறை முழுமை பெறாது. அதே போர்வையில் சுற்றி, மேலே அட்டை வைத்து, எட்டு இடத்தில் கயிறு கட்டி அனுப்பு. நீ நேரில் வர வேண்டாம். வந்தால் எடுத்து வாசிப்பாய். உன்னைப் பார்த்து மற்ற இருவரும் வருவார்கள். இது நினைவு அறை, ஒத்திகை அறை இல்லை. நீ என்ன சாக்குச் சொன்னாலும் கிட்டார் வந்து சேரும்வரை வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். என்னை உனக்குத் தெரியும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லா நலமும் குறையாமல், நிறை சரியாக உங்களுக்கு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
அன்று உள்ளே வராத உன் அத்தான்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்து தபால் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். அதனால் உறையைப் பிரித்து இதை எழுத வேண்டியிருக்கிறது. டிரம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மதியம் இடி வந்தான். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்து நெட்டை வந்தான், பழைய பேருந்து அட்டவணைக் காகிதத்தில் சுற்றிய தன் கிட்டாரோடு. இருபத்தெட்டு வருடத்துக்கு அப்புறம் பார்த்துக்கொண்ட இரண்டு பேரும், "வா", "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. இடி என் கயிற்றை அவிழ்த்து என் கழுத்திலேயே மாட்டிவிட்டு டிரம்மைக் கண்ணாடிக்கு வெளியே உருட்டினான். "பலகைல என்ன எழுதியிருக்குன்னு பாருங்கப்பா" என்றேன். "படிச்சோம்" என்றார்கள். வாசித்தார்கள். எழுந்து போய் உட்கார ஒரு நாற்காலியும் இல்லாததால் பாயில் உட்கார்ந்தபடி முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன்.

மாப்பிள்ளை, மிகச் சிறந்த குழு என்று மேலே எழுதியதை அடித்துவிடு. தேறாது. அன்று நான் கேட்காமல் சொன்னது சரிதான். இடிக்குத் தாளம் நிற்கவில்லை, நெட்டைக்கு மேலே போனால் குரல் உடைகிறது. நாங்கள் எப்போதுமே இவ்வளவுதான் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் நடுவில் ஓரிடத்தில் இரண்டு பேரும் நிறுத்திவிட்டு, ஒன்றுமே இல்லாத அந்த மூலையைப் பார்க்கிறார்கள். எட்டு எண்ணிவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "அது அவன் வாசிக்கற எடம் அத்தான்" என்றான் நெட்டை. உன் அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள், வெகு நேரம் வரவில்லை.

கிட்டாரைப் பார்சலில் அனுப்பினால் வாங்க மாட்டேன், அப்படியே திருப்பி அனுப்புவேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீயே தூக்கிக்கொண்டு வந்து சேர்.