வார்னிஷ் பூசிய விளாங்காய்

காரின் கியர் பிடியைக் காணவில்லை.

ஸலாஹுதீன் வெறும் கம்பியைப் பிடித்துக் கல்முனைக்குடிவரை ஓட்டிப் பார்த்தார். உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம். தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன பழைய ரெண்டு சீட் ஸ்போட்ஸ் கார். எழுபத்தொன்பதில் கல்முனையில் அப்படி வேறொன்று இல்லை. வீடு மனைவி ஹாஜறாவுடையது, சுற்றியிருந்த வளவும் அவளுடையது, தலையணைகூட மாமி சபியா உம்மா தந்தது. பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு என்னுடையது என்று சொல்ல அந்தக் கார் ஒன்றுதான் இருந்தது. அதில் ஒன்று குறைவது தன்னிலேயே ஒன்று குறைவதுபோல அவருக்கு வலித்தது.

முதலில் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துப் பொருத்தினார். சந்தையடியில் கியர் மாற்றும்போது அது தெறித்து ஒரு மீன்காரியின் கூடைக்குள் விழுந்தது. அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிறகுதான் சீதனக் கட்டிலின் தலைமாட்டுக் குமிழ் கண்ணில் பட்டது. தொட்டால் மாமியின் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே திருகினார், சுகமாகக் கழன்றது.

மெக்கானிக் அமிர்தலிங்கம் அதைப் பூட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காருக்கெண்டே கடைஞ்ச மாதிரி இரிக்கி, ஸலாஹுதீன் நானா. திருகுப் புரியும் பொருந்துது," என்றான்.

"என்ட ராசி அப்படி."

பழைய பிடி எண்ணெய் அழுக்கில் மரமா கொம்பா என்றே தெரியாமல் கறுத்துக் கிடந்தது. இதுவோ வார்னிஷைச் சுரண்டி மினுக்கியதும் தேன் நிறத்தில் பளபளத்தது. தன் பெயரின் ‘ஸ’வையும் அதில் வெட்டிக்கொண்டார்.

கட்டிலில் குமிழ் இருந்த இடத்தில் ஒரு விளாங்காயைத் துளைத்துக் குத்தி, வார்னிஷ் பூசினார். பார்த்தால் குமிழேதான். ஆனால் காய் சும்மா இருக்குமா? பழுத்தது.

"அறையெல்லாம் விளாம்பழம் மணக்குது. உங்களுக்கு மணக்கல்லியா?" என்றாள் ஹாஜறா.

"காத்துல வாறதாக்கும்."

அத்தர் தடவினார். எறும்பு வந்தது.

வெள்ளிக்கிழமை ஹாஜறாவின் தங்கை றம்ஸியாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, வீட்டையும் சுற்றிப் பார்த்தார்கள். வந்தவர்களில் மூத்தவள் கட்டிலைப் பிடித்தாள். குமிழ் கையோடு வந்தது. மோந்து பார்த்து, "சீனி போட்டுத் தின்னலாம்," என்றாள்.

அவர்கள் சிரித்துக்கொண்டே போனபிறகு மாமி கூப்பிட்டார். ஸலாஹுதீன் முன்னால் போய் நின்றார். பெட்டியைக் கட்டச் சொன்னால் எங்கே போவது?

"நான்தான் மாமி. காருட புடி களவு போயிட்டு. அதான் கட்டில் குமிழக் கழட்டின. மன்னிச்சிக்கங்க."

மாமி பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். மருமகனின் முகத்தைப் பார்க்காமல் மாமி கதைத்தது அதுதான் முதல் தடவை.

"களவு போகல்ல மகன். கட்டில் குமிழ் வெடிச்சிட்டு. பொண் பாக்க வாறாங்களே எண்டு உங்கட காருல கிடந்தத எடுத்து, வார்னிஷ் பூசி, நான்தான் கட்டில்ல பூட்டின."