அக்கரைக்கு அனுமதி இல்லாத ஆட்டக்காரர்கள்

பந்து ஆடத் தெரிந்தவன் கடலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டு, அதைத் தன்னந்தனியாக அமல்படுத்திய மனிதர் இந்த மலாய் நாட்டிலேயே ஒருவர்தான். அவர் கவர்னர் அல்ல. பினாங்குத் தீவிலிருந்து அக்கரைப் பெருநிலத்துக்குப் படகு போகும் துறையில் டிக்கெட்டில் ஓட்டை போட்டு ஆட்களை உள்ளே விடுகிறவர். அவருடைய பெயர் அவரைப் பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்டில் நிற்பவர் என்பதால் எங்களுக்கு அவர் கேட்டு அண்ணன்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் எங்கள் பந்தாட்டச் சங்கம் இருந்தது. சொத்து என்று பார்த்தால் இரண்டு பந்து, பதினொரு சட்டை, கதவு மூடாத ஓர் அலமாரி. பன்னிரண்டாவது ஆள் வந்து சேர்ந்தால் சட்டைக்கு எங்கே போவது என்ற கவலை எங்களுக்கு வந்ததே இல்லை. ஆட்கள் தாமாகவே போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் வலது பேக். என் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி போதும். பந்து என் பக்கம் வந்தால், அடுத்து அதைச் சாக்கடையில்தான் தேட வேண்டும்.

கேட்டு அண்ணன் வாழ்நாளில் பந்தை உதைத்ததில்லை. ஆனால் வேலை முடிந்த மறு நிமிஷம் காக்கிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் திடலுக்கு ஓடி வருவார். டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கி இடுப்பில் தொங்கும். நாங்கள் கோல் போட்டால் அதை மூன்று தடவை சொடுக்குவார். ரெபரி தப்பாக ஊதினால் ரெபரியின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொடுக்குவார்.

அந்த நாளில் பந்து ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை உண்டு. சுரங்கத்துக்கு ஒரு டீம், தோட்டத்துக்கு ஒரு டீம், பட்டறைக்கு ஒரு டீம் என்று அக்கரைத் துரைமார் எல்லோருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கள் ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே தொப்பி போட்ட ஒருவர் வந்து நிற்பார். அந்த ஆள் பெயர் என்ன என்று கேட்பார். அடுத்த மாதம் அந்த ஆள் டிரங்குப் பெட்டியோடு படகுத்துறையில் நிற்பான். அவர்கள் நிரந்தர வேலையும் குடியிருக்க வீடும் கொடுத்தார்கள். நாங்கள் வடையும் தேநீரும் கொடுத்தோம். ஜெயித்தால் வடை இரண்டு.

ஒரே வருஷத்தில் மூன்று பார்வர்டுகள் இப்படிப் போனார்கள். மூன்றாவது ஆள் போன அன்று கேட்டு அண்ணன் சங்கத்துக்கு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார்.

"மூணு பேரு டிக்கெட்லயும் நானே என் கையால ஓட்டை போட்டு அனுப்பியிருக்கேன். இனிமே என் கேட்டைத் தாண்டி ஒரு பார்வர்டும் போக முடியாது."

எங்கள் காரியதரிசி யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதனால் அவர் எங்களுக்குக் கிராணியார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஆளை மறிச்சு வைச்சிருந்து என்ன செய்யப் போறீர்? அவங்களுக்குக் குடுக்க எங்களிட்ட என்ன கிடக்கு?"

கேட்டு அண்ணனுக்கு அது காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவர் அதை உள்ளே விட்டிருக்க மாட்டார்.

மறுநாள் முதல் படகுத்துறையில் சோதனை தொடங்கியது. பந்தாட்டக்காரனை முழங்காலுக்குக் கீழே உள்ள தழும்பில் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. வாலிபன் எவனாவது பெட்டியோடு வந்தால், "காலைக் காட்டு" என்பார். அரசாங்க உத்தரவு என்று நினைத்து எல்லோரும் காட்டினார்கள். சிலர் நாக்கையும் நீட்டினார்கள்.

ஒரு நாள் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக ஒருவர் வந்தார். கேட்டு அண்ணன் வேட்டியை விலக்கிப் பார்த்தார். கால் முழுக்கத் தழும்பு.

"மாடு உதைச்சதுண்ணே. பால் கறக்கிறேன்" என்றார் அவர்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றான். எந்த டீமு?"

அவருக்கு அக்கரையில், புக்கிட் மெர்த்தாஜாமில் அன்று கல்யாணம். அவர்தான் மாப்பிள்ளை. படகு மணி அடித்துப் புறப்பட்டுவிட்டது. பின்னாலேயே வந்த மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் கேட்டு அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் அசையவில்லை. மாப்பிள்ளையின் தாயார் மாட்டின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்த பிறகுதான் விட்டார். மாப்பிள்ளை அடுத்த படகில் போய்க் கடைசி நிமிஷத்தில் தாலி கட்டினார். படகுக் கம்பெனி மேனேஜர் கேட்டு அண்ணனைக் கூப்பிட்டு, இனிமேல் ஒரு பிரயாணியின் காலைப் பார்த்தாலும் வேலை போய்விடும் என்றார்.

அதனால் அவர் வழியை மாற்றினார். தொப்பிக்காரர் யாராவது திடலுக்கு வந்தால் பக்கத்தில் போய் நின்று, எங்கள் ஆட்களைப் பற்றியே தாழ்வாகச் சொல்ல ஆரம்பித்தார். நன்றாக ஆடுகிறவனுக்குப் பெரிய வியாதியாகக் கொடுத்தார். எனக்கு எந்த வியாதியும் கொடுக்கவில்லை.

அப்போது எங்கள் சென்டர் பார்வர்டு காசிம். அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். வீட்டில் மனைவியும் பிறந்து மூன்று மாதமான பெண் குழந்தையும். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் நாங்கள் ஆடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்போம். ஈப்போ பக்கத்துச் சுரங்கத்திலிருந்து ஒரு தொப்பிக்காரர் அவனைப் பார்க்க வந்தார். கேட்டு அண்ணன் பெருமூச்சு விட்டு, "பாவம் சார், காக்காய் வலிப்பு. எப்ப விழுவான்னு சொல்ல முடியாது" என்றார். தொப்பிக்காரர் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேட்டு அண்ணன் அன்று எங்கள் எல்லோருக்கும் தன் செலவில் வடை வாங்கிக் கொடுத்தார்.

பொய் திடலோடு நிற்கவில்லை. நடந்து அரிசிக் கிடங்குக்குப் போயிற்று. அங்கே படகிலிருந்து கரைக்கு ஒற்றைப் பலகை போட்டிருக்கும். அதன் மேல் மூட்டையோடு நடக்க வேண்டும். வலிப்புக்காரன் தண்ணீரில் விழுந்து செத்தால் யார் பதில் சொல்வது என்று கிடங்கு முதலாளியான சீனர் காசிமை நிறுத்திவிட்டார்.

காசிம் நேராகச் சங்கத்துக்கு வந்தான். சத்தம் போடவில்லை.

"அண்ணே, எனக்கு வலிப்பு வந்ததை நீங்க எப்போ பார்த்தீங்க?"

கேட்டு அண்ணன் பெஞ்சியிலிருந்து எழுந்து மாடிப்படி இறங்கினார். 

அன்றே அவர் கிடங்குக்குப் போனார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. எந்தக் கிடங்கிலும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்களே தவிரச் சேர்க்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரே படகு ஏறி, ரயில் ஏறி, ஈப்போவுக்குப் போய்த் தொப்பிக்காரரைத் தேடிப் பிடித்தார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனதால், அங்கே பேசியதை நான் காதால் கேட்டேன்.

"வலிப்புன்னு சொன்னது நீதானே?" என்றார் தொப்பிக்காரர்.

"நான்தான் சார். பொய்."

"இப்போ சொல்றது?"

"நிஜம்."

"நான் எதை நம்புறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க சார். சனிக்கிழமை எங்களுக்குக் கோப்பைக்குக் கடைசி ஆட்டம். வந்து கண்ணால பாருங்க லா."

நாங்கள் திரும்பி வந்து சொன்னதைக் கேட்ட கிராணியார் தலையில் கை வைத்துக்கொண்டார். சங்கம் ஆரம்பித்த நாள் முதல் நாங்கள் கோப்பையைத் தொட்டதில்லை. காசிம் நன்றாக ஆடினால் ஆள் போய்விடுவான், ஆடாவிட்டால் கோப்பை போய்விடும், எதற்காக அந்த மனிதரைக் கூப்பிட்டீர் என்று கேட்டார்.

"அவன் சோத்துல நான் மண்ணைப் போட்டுட்டேன் கிராணியாரே. அதை அள்ளிட்டுத்தான் மத்தது" என்றார் கேட்டு அண்ணன்.

சனிக்கிழமை மழை. டத்தோ கெராமட் திடல் வயல் மாதிரி இருந்தது. துறைமுக டீமுடன் ஆட்டம். தொப்பிக்காரர் குடையோடு வந்து நின்றார். அவர் பக்கத்தில் கேட்டு அண்ணன் நனைந்துகொண்டு நின்று, காசிமின் தகப்பனார், பாட்டனார் முதலியவர்களின் தேக ஆரோக்கியத்தை வர்ணித்துக்கொண்டிருந்தார். இடைவேளைக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் என்று நிற்கும்போது, காசிம் இடிபட்டு விழுந்தான். எழுந்திருக்கவில்லை. தொப்பிக்காரர் குடையைத் தாழ்த்தி உற்றுப் பார்த்தார்.  கேட்டு அண்ணன் தொப்பிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிப்பு இல்ல சார், சகதி! சகதி!" என்று அலறினார்.

காசிம் சகதியை வழித்துக்கொண்டு எழுந்தான். அதற்குப் பிறகு அவன் ஆடியதை நான் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தும் என்னால் எழுத முடியாது. மூன்று பேரைத் தாண்டினான் என்று தெரியும். பந்து வலைக்குள் கிடந்தது தெரியும். மிச்ச நேரத்துக்கு நான் பந்தை நான்கு தடவை சாக்கடைக்கு அனுப்பினேன். அன்றைக்கு மட்டும் யாரும் என்னைத் திட்டவில்லை. கோப்பை எங்களுக்கு. காசிம் தொப்பிக்காரருக்கு.

திங்கட்கிழமை காலை காசிம் மனைவி, குழந்தை, பெட்டியோடு படகுத்துறைக்கு வந்தான். கேட்டு அண்ணன் டிக்கெட்டை வாங்கி வெகுநேரம் படித்தார். அதில் படிக்க ஒன்றும் இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"காலைக் காட்டு" என்றார்.

காசிம் சிரித்துக்கொண்டே சராயைத் தூக்கினான். சனிக்கிழமைக் காயம் ஆறாமல் இருந்தது.

"அங்க போயி மருந்து போடு. சும்மா விட்டுடாதே" என்று சொல்லி ஓட்டை போட்டார். படகு அக்கரைக்குப் போய்ச் சேரும் வரை அடுத்த ஆளை அவர் உள்ளே விடவே இல்லை.

இனிமேல் திடல் பக்கம் வர மாட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மறுநாளே வந்தார். கிராணியாரிடம், "நீங்க அன்னைக்குக் கேட்டதுதான் சரி. வேலை கொடுக்கிறவன்கிட்டதான் ஆள் நிப்பான். நாம வேலை கொடுப்போம்" என்றார். எந்த வேலை என்று கேட்டதற்கு, "எல்லா முதலாளியும் என் கேட்டு வழியாத்தானே போறான்?" என்றார்.

அன்று முதல் துணிக்கடை, சாப்பாட்டுக் கடை, அச்சுக்கூடம் என்று எந்த முதலாளி டிக்கெட்டை நீட்டினாலும் அவர் இடுக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆள் வேண்டுமா என்று கேட்ட பிறகுதான் ஓட்டை போட்டார். பதில் சொல்லாவிட்டால் படகு போய்விடும் என்பதால் பல பேர் சரி என்றார்கள். சிலர் அக்கரைக்குப் போய் யோசித்துவிட்டு, திரும்பி வரும்போது முடியாது என்றார்கள். அவர்களை அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார். வருஷக் கடைசிக்குள் கோல்கீப்பர் ரொட்டிக் கடையில் இருந்தான். லெப்ட் அவுட் அச்சுக்கூடத்தில் இருந்தான். காசிமுக்குப் பிறகு அந்த வருஷம் ஒரே ஒருவன்தான் எங்களை விட்டுப் போனான்.

எனக்கும் ஒரு மளிகைக் கடையில் இடம் வாங்கிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். அன்று கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, இதை நல்லா ஆடுற யாருக்காச்சும் கொடுங்க. என்னை எந்தத் தொப்பிக்காரர் வந்து கேட்கப் போறார்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேட்டுட்டா?" என்றார்.