இரைச்சல் நீக்கிய டாக்டரம்மா

"ஃபேன் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கலையே சார்," என்றார் டாக்டரம்மா.

கணக்கர் ஓடிப்போய் மின்விசிறியை அணைத்தார். அறக்கட்டளை அலுவலகத்திலேயே நல்ல செல்போன் வைத்திருந்த பாவத்துக்கு, வீடியோ எடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. கைக்குழந்தையின் தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று டாக்டரம்மா இரண்டே நிமிடத்தில் சொல்ல வேண்டும். மறுநாள் ஒரு பெற்றோர் சங்கம் பார்க்க வருகிறது. பிடித்துப்போனால், எல்லா மருத்துவமனைகளிலும் இதைக் காட்டச் சொல்லி அறக்கட்டளையோடு சேர்ந்து அதிகாரிகளிடம் பேசுவார்கள்.

மின்விசிறி நின்றதும் அறை அடுப்பாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தார். எதிர்ப் பட்டறையில் தகரம் அடிக்கும் சத்தம் மொத்தமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"மூடிடவா மேடம்?"

"மூடினா நான் மயங்கி விழுவேன். அப்புறம் எனக்கு நீங்க முதலுதவி பண்ணணும். பரவால்ல, எடுங்க."

தகரம் அலறியது. டாக்டரம்மாவும் கத்திப் பார்த்தார். குரல் எடுபடாத இடத்தில் கைகள் பேச ஆரம்பித்தன. பொம்மைக் குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருப்பதைத் தொட்டுக் காட்டினார். முதுகில் தட்டும்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விரலை நீட்டினார். வாய்க்குள் கண்டபடி விரலை விடாதே என்று தலையாட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி பறந்தது.

எத்தனை முறை எடுத்தாலும் முகம் சுளிக்கவில்லை. பொம்மையை ஒரு தடவைகூடப் பொத்தென்று போடவுமில்லை; பத்திரமாகக் கிடத்திவிட்டுத்தான் வியர்வையைத் துடைத்தார். கணக்கருக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வீட்டில், செல்போனில் 'இரைச்சல் நீக்கு' என்ற பொத்தானை அமுக்கினார். தகரச் சத்தம் மாயமானது. பின்னாலேயே டாக்டரம்மாவின் குரலும் போய்விட்டது. 'இடம் போதவில்லை' என்று செல்போன் கெஞ்சியதால் சத்தத்தோடு இருந்த மூலப் பதிவை அப்போதுதான் அழித்திருந்தார்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது.

"வீடியோல ஒரு சின்னக் கோளாறும்மா..." என்று சங்கத்தை அழைத்து வந்த பெண்ணிடம் கணக்கர் இழுத்தார்.

"போடுங்க சார். எல்லாரும் காத்திருக்காங்க."

போட்டார். ஊமைப் படம் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை, எழுந்து போகவுமில்லை. ஓர் அப்பா தன் கைப்பையைக் குப்புறக் கிடத்தித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் அத்தனை பேரும் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிப் படபடவென்று ஆட்டினார்கள்.

கணக்கர் அந்தப் பெண்ணிடம் ஓடினார். "வேண்டாம்னுட்டாங்களா? சத்தம் போனது என் தப்பும்மா. டாக்டரம்மா தங்கமானவங்க, அவங்களைக் குறை சொல்லிடாதீங்க."

அந்தப் பெண் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"கைதட்டறாங்க சார். என்னைத் தவிர எங்க சங்கத்துல யாருக்குமே காது கேக்காது. அதை டாக்டரம்மாவுக்கு யாரு சொன்னது?"