எர்த்து நைனாவும் நாலு தட்டு அடுப்பும்

“படிச்ச பொண்ணு தொட்டா ஷாக்கு அடிக்காதுன்னு எந்த புக்குல போட்டுக்கீது?”

எர்த்து நைனா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது. தி.நகரில் பனகல் பார்க் பக்கம் இருந்த மின்சாமான் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து பல்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வாங்குகிறவர் கண்ணெதிரே ஒவ்வொரு பல்பையும் சொருகி எரியவிட்டுக் காட்டுவதுதான் வேலை. அன்றைக்குத்தான் முதலாளி அண்ணாச்சி, “இனிமே கரண்டு அடுப்பு வாங்குறவங்க வீட்டுக்குப் போயி வெளக்கம் சொல்றது நீதாம்மா” என்றிருந்தார். அடுப்பை மாட்டுவது நைனா, சொல்லிக் கொடுப்பது நான். அதைக் கேட்டதும்தான் இந்தக் கேள்வி.

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அடுப்போடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஒரே ராத்திரியில் படித்து, எட்டுப் பக்கத்துக்குத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அப்போது கரண்ட் இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

சைதாப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் மின்சாரத்துக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் எர்த்து நைனா ஒருவர்தான். மனிதர்கள் எல்லாரும் அவருக்கு ‘வா, போ’. அண்ணாச்சியைக்கூட “இன்னா மொதலாளி, சாப்ட்டியா?” என்பார். கரண்ட் மட்டும் ‘அவரு’. “அவரு வந்துட்டாரு, கைய எடு.” “அவரு இன்னும் போவல, கிட்ட வராத.” மின்வெட்டில் கடை இருண்டு நாங்கள் அலுத்துக்கொண்டால், “அவருக்கும் ஒரு லீவு வேணாமா?” என்று பரிந்துகொண்டு வருவார்.

வேலை செய்யும்போது அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். எல்லாம் வலது கைதான். “ரெண்டு கையும் குடுத்தா அவரு இந்தப் பக்கம் பூந்து நெஞ்சு வழியா அந்தப் பக்கம் போவாரு. ஒரு கைன்னா அவருக்கு வழி கம்மி” என்பார். பழக்கம் முற்றி, டீக்கடையில் பன்னைக்கூட ஒரு கையால்தான் பிய்ப்பார்.

ஹவாய் செருப்பில்லாமல் அவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் போகவே மாட்டார். எங்கள் வாடிக்கைக்காரர்களோ செருப்பைத் தெருவாசலில் விடச் சொல்லும் ஜாதி. நைனா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். தெருவையே பார்க்காத ஒரு ஜோடி புது ஹவாய் செருப்பு, துவைத்த மஞ்சள் துணிப்பையில். சமையலறை வாசலில் பையைப் பிரித்து, “இது மடிச் செருப்பும்மா” என்று வீட்டுக்கார அம்மாளிடம் காட்டிவிட்டுப் போட்டுக்கொள்வார். மடிச் செருப்பு என்று ஒன்று உண்டா என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் உள்ளே போயிருப்பார்.

அடுப்பை மாட்டிய பிறகு வீட்டில் எல்லாருக்கும் பரீட்சை. அதில் தேறாமல் இணைப்புக் கிடையாது. அடையாற்றில் ஒரு பெரிய டாக்டர் வீடு. நைனா முதலில் அந்த வீட்டுச் சமையற்கார அம்மாளைக் கூப்பிட்டு நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, விரல் எட்டிய உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மெயின் சுவிட்ச் அங்கேதான் வர வேண்டும். அடுப்புக்கு மேலே இருந்தால்தான் அழகு என்றார் டாக்டர்.

“தீப் புடிச்சா நெருப்பு மேல கைய நீட்டி நிறுத்துவியா சார்? பக்கத்துலதான் வெக்கணும்.”

பிறகு டாக்டரின் கண்ணைக் கட்டி, “இப்ப போயி மெயினை நிறுத்து” என்றார். டாக்டர் தடவித் தடவி மாவரைக்கும் கல்லைப் போய்த் தொட்டார். சமையற்கார அம்மாள் கண்ணைக் கட்டிக்கொண்டு நாலே எட்டில் சுவிட்சைத் தட்டினாள். “சார் ஃபெயிலு. சார் இன்னிமே சமையலறைப் பக்கம் வராத” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நைனா பையைக் கட்டினார்.

எனக்கும் அவருக்கும் தினமும் சண்டை. நான் எழுதிய தாளைப் படிக்க ஆரம்பித்தால், “புக்கு ஆரம்பிச்சிடுச்சிபா” என்பார். என் பெயரே ‘புக்கு’ என்று ஆகிவிட்டது. அடிப்பாகம் தட்டையான பாத்திரம்தான் வைக்க வேண்டும், சோறு வேகக் கொஞ்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டால் அடுப்பின் இரும்புத் தட்டில் மிச்சமுள்ள சூடே போதும், மெயினை நிறுத்தி, ஆறவிட்டு, பிழிந்த துணியால்தான் துடைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. இவ்வளவையும் நான் அழகாகச் சொல்லி முடித்ததும், “அல்லாம் சர்தான், எர்த்து இல்லன்னா அல்லாம் வேஸ்ட்டு” என்று முடித்து வைப்பார். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பிதான் எர்த்து; அவருக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

அப்போதுதான் மயிலாப்பூர் வடக்கு மாடவீதிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தவன், அம்மா விறகுப் புகையில் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டு, கடையிலேயே பெரிய அடுப்பாக, நாலு தட்டும் கீழே ரொட்டி சுடும் ஓவனும் உள்ளதை வாங்கி வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். “இங்க பாரும்மா. அந்த மாமி சரின்னா அந்தத் தெருவே சரின்னுரும். அடுப்பு திரும்பி வந்துச்சுன்னு வையி, நீ பழையபடி பல்பு மேசைக்கே போயிர வேண்டியதுதான். பொம்பளப் புள்ள போயி வெளக்கம் சொன்னதாலதான் வெளங்கலன்னு நம்ம ஆளுகளே சொல்லுவானுவ.”

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. இருப்பதைச் சொன்னார். ஆனால் எனக்கு அந்த மேசைக்குத் திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

நைனா அந்த வீட்டில் முதல் இரண்டு நாளும் அடுப்பைப் பிரிக்கவே இல்லை. எர்த்துக்காகக் கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் குழி வெட்டவைத்தார். குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார்.

“என்ன இது, ஊறுகாய் போடறேளா?” என்று கேட்டார் மாமி.

“ஆமாம்மா. பூமியை ஊறப் போடறேன்.”

மாமியின் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற அதிகாரி. அவர் நாற்காலியில் இருந்தபடி, “ஒரு அடுப்புக்கு இத்தனை ஆழமா? கிணறே வெட்டியிருக்கலாமே ஓய்” என்றார். நைனா அடுத்த கூடை உப்பைக் கொட்டினார். மூன்றாம் நாள் அடுப்பு ஏறியது. மடிச் செருப்பு செல்லுபடியானது. பரீட்சையில் மாமி தேறினார், மாமா தோற்றார். நான் எட்டுப் பக்கத்தையும் சொன்னேன். மாமி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். “பிழிஞ்ச துணியால தொடைக்கணும், தண்ணி கொட்டப்படாது. ஆச்சா?” நான் கெட்டிக்காரி என்று எனக்கே தோன்றியது.

பத்தாம் நாள் கடைக்கு போன் வந்தது. தினமும் காலையில் ஃபியூஸ் போகிறதாம். அடுப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

நாங்கள் போகும்போது மணி பதினொன்று. நைனா அடுப்பைக் கழற்றிப் பார்த்தார், கம்பிகளைத் தடவினார், குழியைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. இணைப்புக் கொடுத்ததும் நாலு தட்டும் சமர்த்தாகச் சூடேறின.

“காத்தால மட்டும்தான் போறது” என்றார் மாமி. “நித்தம் ஆறு மணிக்கு.”

“சுத்தம் பண்ணும்போது தண்ணி பட்டுதா மாமி?” என்றேன்.

“ராத்திரி மெயினை அணைச்சுட்டு, பிழிஞ்ச துணியாலன்னா தொடைக்கறேன். நீ சொன்னதுல ஒரு எழுத்து மாறலை.”

நைனா தலையைச் சொறிந்தார். “அவருக்கு இந்த வூட்ல இருக்கப் புடிக்கல போல” என்றார். சொல்கிறவர் நைனாவாக இருந்தால் அண்ணாச்சி அதையே காரணமாக எடுத்துக்கொண்டு அடுப்பை வண்டியில் ஏற்றிவிடுவார்.

அப்போது மாமா பெருமையாகச் சொன்னார். “நான்தான் தினம் ஃபியூஸ் போடறேன். ஒத்தைக் கம்பி நிக்க மாட்டேங்கறது. நாளைக்கு நாலு கம்பியா முறுக்கிப் போட்டுடறேன், அப்பறம் எப்படிப் போறதுன்னு பாக்கறேன்.”

நைனாவின் முகம் மாறிவிட்டது. நேராகப் போய், அடுப்பு லைனின் ஃபியூஸ் கட்டையை வெடுக்கென்று பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“சார். நாய் கொலைக்கிதுன்னு நாயை அடிச்சிட்டு, திருடனுக்குக் கதவைத் தொறந்து வுடுவியா? அந்தக் கம்பி போறதாலதான் இந்தம்மா உசுரோட கீது.”

“ஓய், அது என் வீட்டு ஃபியூஸ்” என்றார் மாமா.

“இப்ப என் ஜோப்புல கீது.”

நான் குறுக்கே புகுந்தேன். “நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் வரோம் மாமி. நாங்க இருக்கோம்னே நினைக்காதீங்க. தினம் எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க. நான் ஒரு ஓரமா நின்னு பார்க்கறேன்.”

“பார்த்து இன்னா பண்ணுவ புக்கு?” என்றார் நைனா தெருவுக்கு வந்ததும். “கரண்டு கண்ணுக்குத் தெரியுமா?”

“கரண்டைப் பாக்க வரல நைனா. மாமியைப் பாக்க வரேன்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் போனோம். ஃபியூஸ் கட்டை நைனாவின் பையில் பத்திரமாக இருந்ததால் அடுப்பில் கரண்ட் இல்லை. மாமி குளித்துவிட்டு ஈரப் புடவையோடு சமையலறைக்கு வந்தார். விளக்கேற்றினார். ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அதை அந்த நாலு தட்டு அடுப்பின் தலையில் நிதானமாக அபிஷேகம் செய்தார். கையால் வழித்துவிட்டார். அரைத்து வைத்திருந்த மாவைத் தொட்டு, நாலு தட்டிலும் ஒவ்வொரு இழைக்கோலம், சுவிட்சுகளுக்கு ஆளுக்கொரு குங்குமப் பொட்டு. கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஈரக் கையோடு சுவிட்சைத் திருப்பினார்.

நைனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும். அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“மாமி,” என்றேன், “தண்ணி ஊத்தறதில்லைன்னு சொன்னீங்களே.”

“சுத்தம் பண்றச்சே ஊத்தலைன்னேன். இது சுத்தம் பண்றதா? அடுப்புக்குக் கோலம் போடாம எந்த ஆத்துலயாவது பத்த வைப்பாளா?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மாவும் தினமும் விறகு அடுப்பில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் இரண்டு கோடு கிழித்துவிட்டுத்தான் பற்ற வைக்கிறாள். பிறந்தது முதல் பார்க்கிறேன். ஆனால் எட்டுப் பக்கம் எழுதியபோது அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். புத்தகத்தில் இல்லாதது தேவையில்லாதது என்று நினைத்திருந்தேன். பதினொரு மணிக்குள் தண்ணீரெல்லாம் காய்ந்துபோனதால் நைனாவுக்கும் ஒன்றும் அகப்படவில்லை. தினமும் காலையில் அடுப்பின் உடம்பில் இறங்கிய கரண்டை அவருடைய உப்புக் குழிதான் வாங்கிக்கொண்டு, ஃபியூஸைப் போக்கி, மாமியை விட்டுவைத்திருந்தது.

நைனா வாயைத் திறந்தார். திட்டத்தான் போகிறார் என்று தெரிந்தது. திட்டினால் அடுப்பு போய்விடும். நான் முந்திக்கொண்டேன்.

“நைனா, அந்த எர்த்துக் குழிக்குத் தினம் தண்ணி ஊத்தணும், இல்லையா?”

“ஊத்தியே ஆவணும். காஞ்சா வேலைக்காவாது.”

“மாமி, இந்த அடுப்புக்குக் கால் இங்கே இல்லை. கொல்லையில மண்ணுக்குள்ள இருக்கு. அந்தச் சொம்புத் தண்ணியை அங்கே ஊத்துங்க. கோலத்தை மெயின் போடறதுக்கு முன்னாடி, அடுப்புக்கு முன்னால மேடையில, காஞ்ச பொடியால போடுங்க. கையை நல்லாத் துடைச்சுட்டு சுவிட்சைத் தொடுங்க.”

மாமி என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். “பூமாதேவிக்குத்தானே? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். குழி மேல் தண்ணீர் ஊற்றி, அங்கேயும் ஒரு கோலம் போட்டுவிட்டு வந்தார்.

அடுப்பைத் துடைத்து நன்றாகக் காயவிட்ட பிறகு நைனா பையிலிருந்து கட்டையை எடுத்து, ஒற்றைக் கம்பியோடு சொருகினார். அன்றைக்குக் காபி அந்த அடுப்பில்தான். ஃபியூஸ் பிறகு போகவில்லை. அந்த மாதம் அதே தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்கு அடுப்பு போனது. பல்பு மேசைக்கு வேறு ஆளைப் போட்டார் அண்ணாச்சி.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ் ஆழ்வார்பேட்டை தாண்டியதும் நைனா, “மொத பக்கத்துலயே போட்டுக்க” என்றார். “காலைல அடுப்பை எப்பிடி பத்த வெக்கிறீங்கன்னு கேக்கணும்னு.” என் தாளில் இப்போதும் முதல் வரி அதுதான். அதற்குப் பிறகு குழி வெட்டும் நாளிலேயே நானும் போக ஆரம்பித்தேன். வீட்டுக்கு வீடு சண்டை போட்டுக்கொண்டே நாலு வருஷத்தில் எத்தனையோ அடுப்பை மாட்டிவிட்டோம்.

போன திங்கட்கிழமை வயர்மேன் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதினேன். எங்கள் கடையிலிருந்து ஒரு பெண் கேட்டு வாங்கிய முதல் ஃபாரம். அதில் ஒரு கட்டம், யாரோடு வேலை பார்த்தீர் என்று. பேனாவைத் திறந்த பிறகுதான், நைனாவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே இத்தனை நாள் நினைக்கவில்லை என்பது உறைத்தது. போய்க் கேட்டேன். சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். ஒரு பூவின் பெயரில் தொடங்கும், பெண் பிள்ளைக்கு வைப்பது போன்ற சாதுவான பெயர். வெளியில் சொல்லக்கூடாது என்றார், சொல்லவில்லை.

என் பெயரை வேகமாகத்தான் எழுதினேன். அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, என்னால் முடிந்த அழகோடு எழுதி, மை காய்கிறவரை ஊதிக்கொண்டிருந்துவிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.