செங்கமலக் காகமும் மாவு மாத்திரையும்

ஒரு காட்டில், அதாவது ரோடு போடுகிறவர்கள் போனால் போகிறதென்று விட்டுவைத்திருந்த ஒரு சின்னக் காட்டில், காகங்களுக்குத் தொண்டை நோய் வந்தது. முதலில் குரல் கம்மும். பிறகு கரகரக்கும். ஒருநாள் காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும்.

மற்ற மிருகங்கள் இதை ஒரு நோயாகவே நினைக்கவில்லை. "இப்பதான் கொஞ்சம் நிம்மதியாத் தூங்குறேன்" என்றது கரடி. ஆனால் காகங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. எது கிடைத்தாலும் கரைந்து உறவுகளைக் கூப்பிட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும். வருகிற உறவும் 'வந்துட்டேன்' என்று ஒரு குரல் கொடுத்த பிறகுதான் அலகை வைக்க வேண்டும். அது அவர்கள் குல வழக்கம். குரல் போன காகத்துக்குச் சோறும் போச்சு. எதிரில் சோறு இருக்க, பட்டினி கிடந்தே செத்துப்போன காகங்கள் உண்டு. இதைப் பண்பாடு என்கிறார்கள். எனக்கு வாயில் வேறு வார்த்தை வருகிறது.

அந்தக் காட்டில் டாக்டர் நரியார் என்று ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். காகங்களின் குரல்வளத்தில் நரி வம்சத்துக்குப் பரம்பரையாகவே அக்கறை உண்டு. அவர் ஒரு பச்சைத் தழையை அரைத்து மாத்திரை செய்தார். முதலில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் கா கா என்று கத்தின. பரம திருப்தியோடு காகங்களைக் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்தார்.

"பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு வெறும் மாவு. ரெண்டுக்கும் மேல வெல்லப் பூச்சு இருக்கும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும், டாக்டரய்யா?" என்று கேட்டான் கருத்தமுத்து என்கிற காகம். அவன் மனைவி செங்கமலத்துக்கு அப்போதுதான் குரல் கரகரக்க ஆரம்பித்திருந்தது.

"யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் விஞ்ஞானம். எல்லாம் முடிஞ்சப்புறம் கால்ல போட்ட வளையத்தை வச்சுப் பிரிச்சுப் பார்த்துக்குவோம்."

மாத்திரை கொடுக்கும் வேலையை ஆந்தையாரிடம் ஒப்படைத்தார்கள். பட்டப்பகலில் எதிரே நிற்பது யார் என்றே அவருக்குத் தெரியாது என்பதால், அவரைப்போல நடுநிலையானவர் கிடைப்பது கஷ்டம். நடுவில் ஒரு கழுதையும் வரிசையில் நின்று, வளையம் போட்டுக்கொண்டு, ஆராய்ச்சி முடியும்வரை மாத்திரை சாப்பிட்டது. அதன் குரலில் எந்த மாற்றமும் இல்லை என்று அறிக்கையில் வந்தது.

நரியார் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். ஒன்றைத் தவிர. மாத்திரையை வாங்கிக்கொண்டு மரத்துக்குப் போன காகங்கள், அதைத் தனியாக விழுங்குவது அநாகரிகம் என்று நினைத்தன. மிச்சமிருந்த கரகரத்த குரலில் உறவுகளைக் கூப்பிட்டன. அண்ணன், தம்பி, அத்தை, மாமன், சம்பந்தி என்று எல்லோரும் அவரவர் மாத்திரையோடு வந்து சேர்ந்தார்கள். எல்லாவற்றையும் கொத்தி உடைத்துக் கலந்து பங்குபோட்டுக்கொண்டார்கள்.

"பச்சையா இருக்கிறது கசக்குது. வெள்ளையா இருக்கிறது சப்புன்னு இருக்கு. ரெண்டையும் சேத்துச் சாப்பிட்டாத்தான் ஒரு ருசி" என்றார் காக்கை நாட்டாமை. தினமும் அப்படியே நடந்தது.

ஆராய்ச்சி முடிந்து வளையங்களைப் பிரித்துப் பார்த்தார் நரியார். மருந்து வாங்கியவர்களுக்கும் கொஞ்சம் குரல் வந்திருந்தது. மாவு வாங்கியவர்களுக்கும் அதே அளவு வந்திருந்தது. அவர் முகம் வாடியது. பிறகு மெல்ல மலர்ந்தது. 'மருந்துக்கு நிகராகக் குணமளிக்கும் மாவு' என்று கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். பக்கத்துக் காட்டு மாநாட்டில் பொன்னாடை போர்த்தினார்கள். பச்சை மாத்திரை செய்ய மலை ஏறித் தழை பறிக்க வேண்டும். மாவுக்கு மாவு இருந்தால் போதும். உடனே காடு முழுக்க மாவு மாத்திரை விநியோகம் தொடங்கியது.

செங்கமலத்தின் குரல் மறுபடியும் கம்மியது. ஒருநாள் விடிந்தபோது காற்றுதான் வந்தது. அன்றிலிருந்து அவள் எதையும் தொடவில்லை. இட்லித் துண்டைக் கொண்டுவந்து வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கருத்தமுத்து நரியாரிடம் ஓடினான். "டாக்டரய்யா, தப்பு நடந்துபோச்சு. நாங்க மாத்திரையைப் பங்கு போட்டுத் தின்னுட்டோம். பச்சையைத் தின்னதாலதான் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குரல் வந்திருக்கு."

நரியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க. என் பொஞ்சாதிக்கு முழுசா நாலு பச்சை மாத்திரை குடுங்க. பொழைச்சுக்குவா."

"அந்த மருந்து பயன் இல்லாததுன்னு நிரூபிச்சாச்சுப்பா. நிரூபிச்சவனே நான்தான். இப்ப அதையே உனக்குக் குடுத்தா என்னை டாக்டர்னு எவன் மதிப்பான்?"

"அது வேலை செய்யுதுங்களே!"

"செய்யலாம். ஆனா ஆதாரம் இல்லையே. மிச்சம் இருந்ததையும் அழிக்கச் சொல்லிட்டேன். போய் மாவு வாங்கிக் குடு."

கருத்தமுத்துவுக்கு அழுகை வந்தது. ஆனால் 'அழிக்கச் சொல்லிட்டேன்' என்பது காதில் விழுந்ததும் நின்றுவிட்டது. அந்தக் காட்டில் எதை அழிக்கச் சொன்னாலும் அது ஊர் எல்லைக் குப்பைமேட்டுக்குத்தான் போகும் என்பது எல்லோரையும்விடக் காகங்களுக்கு நன்றாகத் தெரியும். நேராக அங்கே பறந்தான். பிளாஸ்டிக் பைகளுக்கும் அழுகிய தக்காளிக்கும் நடுவே மாத்திரை மூட்டைகள் கிடந்தன. ஒன்றை உடைத்துப் பார்த்தான். உள்ளே பச்சை.

அலகு நிறைய அள்ளிக்கொண்டு வந்து செங்கமலத்தின் முன்னால் போட்டான். அவள் ஆசையோடு பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி உறவுகள் இருந்த மரத்தைப் பார்த்தாள்.

"கூப்பிடவே வேணாம்" என்றான் கருத்தமுத்து. "கூப்பிட்டா ஆளுக்கொரு துணுக்கு. அப்புறம் பழைய கதைதான். கூப்பிடுறதுக்கு முதல்ல உனக்குக் குரல் வேணாமா? முழுங்கு புள்ள."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மெலிந்து தோலும் இறகுமாக இருந்தாள். அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நீ செத்துட்டா உனக்குச் சோறு வச்சுக் கூப்பிடுவேன். அப்ப வந்து எப்படிக் குரல் குடுப்பே?"

செங்கமலம் அவனையே பார்த்தாள். கருத்தமுத்து திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். வாழ்நாளில் ஒரு பருக்கையைக்கூடக் கூப்பிடாமல் தின்னாதவன் அவன். மனைவி அப்படித் தின்பதைப் பார்க்க மனம் வரவில்லை. பின்னால் மடக் மடக்கென்று சத்தம் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டான்.

சில நாளில் குரல் வந்தது. சும்மா வரவில்லை, கரடி தூக்கத்திலிருந்து உருண்டு விழும் அளவுக்கு வந்தது. வந்த சந்தோஷத்தில் செங்கமலம் முதல் காரியமாக எல்லோரையும் கூப்பிட்டாள். உறவு மொத்தமும் பறந்து வந்தது.

"சோறு எங்க?" என்று கேட்டார் நாட்டாமை.

"சோறு இல்லீங்க. எனக்குக் குரல் வந்துருச்சு! மருந்து தின்னேன்."

"மருந்தா? எங்களைக் கூப்பிடாமலா?"

அவ்வளவுதான். எங்கே இருக்கிறது அந்த மருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. தனியாகத் தின்ற குற்றத்துக்கு, செங்கமலம் கூப்பிட்டால் இனி யாரும் பதில் குரல் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. அவள் குப்பைமேட்டின் மேல் உட்கார்ந்து, "மருந்து இங்க இருக்கு, வாங்க" என்று நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தினாள். காடே கேட்டது. காகங்கள் மட்டும் கேளாதது போல இருந்தன. நரியாருக்கும் கேட்டது. மாவு மாத்திரையின் பலன் தாமதமாகத் தெரிகிறது என்று அறிவித்து, பாக்கெட்டின் மேல் செங்கமலத்தின் படத்தையே அச்சடித்துவிட்டார்.

ஒருநாள் மத்தியானம், குப்பைமேட்டில் ஒரு காகம் சத்தமில்லாமல் வந்து இறங்கியது. நாட்டாமை. அவருக்குக் குரல் முழுக்கப் போயிருந்தது. பதில் குரல் கொடுக்கக் கூடாது என்றுதானே தீர்ப்பு? குரல் இல்லாதவர் அதை எப்படி மீற முடியும்? கம்பீரமாக நடந்து வந்து வாயைத் திறந்தார். செங்கமலம் மாத்திரையைப் போட்டாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தனியாகவே விழுங்கினார். அதற்குப் பிறகு, குரல் போனவர்கள் ஒவ்வொருவராக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், வந்துபோனார்கள். அந்தக் காட்டில் அதன்பின் ஒரு காகமும் சாகவில்லை.

குரல் திரும்பியதும் நாட்டாமை ஊரைக் கூட்டினார். தமக்குக் குணமானது மாவு மாத்திரையால்தான் என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று கரைந்தார்கள்.

நீதி: நோயாளிகள் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொள்வது நல்லது, வேலை செய்கிற மருந்து அங்கேதான் வரும், நன்றி மட்டும் மாவுக்குப் போகும்.